எழுபத்திரண்டு கிலோ

சலவைக்கூடத்தில் எடை போடாமல் எதுவும் உள்ளே வராது, எடை போடாமல் எதுவும் வெளியே போகாது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளும் வெளுத்து மடித்துத் திரும்பிப் போகும் விரிப்புகளும் வாசலில் தரையோடு தரையாகப் பதித்திருக்கும் இரும்புப் பலகை மேல் ஏறி இறங்கியாக வேண்டும். பலகைக்கு மேலே சுவரில் ஒரு பெட்டி. அதில் சிவப்பாக எண்கள் எரியும். துணியோடு தள்ளுவண்டியை ஏற்றினால் பெட்டியில் துணியின் எடை மட்டும் வரும். வண்டியின் பதினாலு கிலோவை எந்திரமே கழித்துக்கொள்ளும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதனால் ஓர் ஆள் அதில் ஏறி நின்றாலும் பதினாலு கிலோ குறைத்துத்தான் காட்டும். நின்றவர் பதினாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூடத்தில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் இது தெரியும்.

உருளைக்காரியின் வீட்டில் நான்கு பேரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். சூடான உருளைக்குள் ஈர விரிப்பை விட்டு மறுபக்கம் சுருக்கமில்லாமல் இழுக்கிற வேலை அவளுக்கு. இருபத்தாறு வருடமாக அந்த ஒரு எந்திரத்தின் முன்னால் நின்றவள். அவள் புருஷன் பாய்லர் பார்த்தார். சின்ன மகள் தையல் அறையில் கிழிசல் தைத்தாள். பெரிய மகள் அழுக்குப் பிரிக்கிற இடத்தில் இருந்தாள். அங்கே யாரும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். ரத்தமும் மருந்தும் மலமும் காய்ந்த துணியை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டி, அதற்குள் ஊசி கிடக்கிறதா, கத்தரி கிடக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். பிரித்ததை வெள்ளாவி டிரம்முக்குத் தூக்கிப் போட வேண்டும். நனைந்த மூட்டை ஒன்று நாற்பது கிலோ வரும். இரண்டு பேராகப் பிடித்துத் தூக்குவார்கள். பெரியவள் ஒருத்தியே தூக்குவாள்.

அவர்கள் குடியிருந்ததும் கூடத்தின் பின்னால் இருந்த வரிசை வீடுகளில்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர். அடுத்த வீடு எங்களுடையது. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும்.

பெரியவளும் அம்மாவும் ஒரே அச்சு. அகன்ற தோள், உருண்ட முகம், முழங்கை தெரியாத கை, நடந்தால் இரண்டு பக்கமும் சாய்ந்து வருகிற நடை. சின்னவள் அப்பாவைப் போல. அவருக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்காது, கயிறு போட்டுக் கட்டியிருப்பார். சின்னவள் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, அக்காவின் தட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்படியும் நாற்பத்துநாலு கிலோவைத் தாண்டியதில்லை. அவளை எல்லோரும் ஈர்க்குச்சி என்பார்கள். பெரியவளை லாரி என்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால், "லாரி வருது, குச்சிய ஓரங்கட்டுங்க" என்று யாராவது சொல்லுவார்கள். பெரியவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த வருடம் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நிரந்தர வேலை, வெள்ளைச் சட்டை, வண்டியில் முன்சீட்டு. பெரியவள் யாருக்கும் சொல்லாமல் எழுதிப் போட்டாள். எழுத்துப் பரீட்சையில் தேறினாள். அடுத்தது தூக்கும் பரீட்சை. எழுபது கிலோ மணல் அடைத்த பொம்மையை முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்க வேண்டும். பாதிப் பேர் முதல் மாடியிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள். இவள் கீழே வந்து, "எங்க வைக்கணும் சார்?" என்று மூச்சு வாங்காமல் கேட்டாளாம். சோதித்தவரே சிரித்துவிட்டாராம்.

பாக்கி இருந்தது உடல் அளவு பார்ப்பது. அவள் உயரத்துக்கு எழுபத்திரண்டு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தாளில் போட்டிருந்தது. அவள் எண்பத்தெட்டு. நாள் குறித்தது பதினாறு வாரம் கழித்து. அவளுக்கு வயது இருபத்தேழு முடிந்திருந்தது. இருபத்தெட்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். இதைத் தவறவிட்டால் அவளுக்கு அழுக்கு மூட்டைதான்.

தாளைப் பார்த்ததும் உருளைக்காரி மகளைத் திட்டவில்லை. "பதினாறு வாரம், பதினாறு கிலோ. வாரத்துக்கு ஒண்ணு. ஆகுமா ஆகாதா?" என்றாள்.

"ஆகும்மா."

"வாய நான் பாத்துக்கறேன். உடம்ப நீ பாத்துக்கோ."

அன்றிலிருந்து அடுப்பு அவள் கைக்குப் போனது. பெரியவளுக்குக் காலையில் ஒரு அவித்த முட்டை, பால் ஊற்றாத டீ. மத்தியானம் ஒரு பிடி சோறு, உப்புப் போட்டு வேகவைத்த காய். சாயங்காலம் பருப்புத் தண்ணீர். சர்க்கரை டப்பாவும் ரொட்டியும் அலமாரிக்குள் போய்விட்டன. அலமாரிச் சாவி உருளைக்காரியின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. வேலைக்கு முன்னால் பெரியவள் தண்ணீர்த்தொட்டிப் படிக்கட்டை இருபது தடவை ஏறி இறங்கினாள். பிறகு எட்டு மணி நேரம் மூட்டை தூக்கினாள்.

சனிக்கிழமை வேலை விட்டதும் எடை. ஆஸ்பத்திரித் தெருவில் மருந்துக்கடை வாசலில் காசு போட்டால் சீட்டு வருகிற எந்திரம் ஒன்று இருந்தது. "அது ஆளப் பாத்து எடை சொல்ற மெஷினு" என்பாள் உருளைக்காரி. "நம்ம பலகை வருஷா வருஷம் முத்திரை போட்டது. ஆஸ்பத்திரிக்காரனே அத நம்பித்தான் கணக்குப் பாக்கறான். அது பொய் சொல்லாது." கூடத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எடைக்காரர் முதலில் சில வாரம் கூட நின்று எண்ணைப் படித்துச் சொன்னார். பிறகு, "நீங்களே பாத்துக்கங்கக்கா, பதினாலக் கூட்டிக்கங்க, அவ்வளவுதான்" என்று டீ குடிக்கப் போய்விடுவார். பெரியவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவாள். அம்மா பெட்டியை நிமிர்ந்து பார்த்து விரலால் கூட்டுவாள். சின்னவளும் சும்மா இருக்காமல் அக்கா இறங்கியதும் ஏறி நிற்பாள். பெட்டியில் முப்பது வரும். "நாப்பத்திநாலு! நேத்து ராத்திரி ஏழு ரொட்டி தின்னேன், அதெல்லாம் எங்கம்மா போச்சு?" என்பாள். மூன்றாவது வாரம் அக்கா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இனி நீ இதுல காலை வெச்சே, ஒடிச்சுடுவேன்" என்று உருளைக்காரி சின்னவளை விரட்டினாள். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் வருவதில்லை.

முதல் மூன்று வாரத்தில் ஆறு கிலோ போனது. ஏழாவது வாரம் எழுபத்தொன்பது. கூடத்தில் எல்லோருக்கும் அதே பேச்சு. டிரம் கழுவுகிற கிழவர்கூட, "என்ன லாரி, டயர் எறங்கிடுச்சு போல?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரியவளின் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தையல் போட்டுத் தந்தாள் தங்கை. உருளைக்காரி உருளையின் முன்னால் நின்றபடி, "என் பொண்ணு நெனச்சா செய்வா" என்று ஆவிக்குள்ளிருந்து கத்திச் சொன்னாள்.

பத்தாவது வாரம் எழுபத்தாறு. பதினொன்றாவது வாரமும் எழுபத்தாறு. பன்னிரண்டாவது வாரமும் அதேதான்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. காற்றில் உலர்த்துகிற துணியையும் சூட்டறையில் போட வேண்டியிருந்ததால் பாய்லருக்கு ஓய்வில்லை. கூடம் முழுக்கப் புழுக்கம். வார்டிலிருந்து துணிக்கணக்குச் சரிபார்க்க வருகிற நர்ஸம்மாவை உருளைக்காரி நிறுத்திக் கேட்டாள்.

"கொறைச்சுக்கிட்டே வந்தது நின்னுடுச்சு நர்ஸம்மா. அதே சாப்பாடுதான், அதே வேலைதான். ஏன்?"

"நிக்கும்க்கா. உங்க வீட்டுக்காரர், வேலை கம்மியா இருந்தா பாய்லர்ல தீயக் கொறச்சு வெப்பார்ல? உடம்பும் அப்படித்தான். போடறது கொறஞ்சா எரிக்கறதையும் கொறச்சுக்கும். கொஞ்சம் பொறுத்தா மறுபடி எறங்கும். ரொம்பப் பட்டினி போடாதீங்க."

"பட்டினியா? நான் அளந்து வெக்கறேன்."

"அதில்லக்கா. ஒரே சாப்பாட்ட ரெண்டு பேர் சாப்பிட்டா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒட்டாது. பெரும்பங்கு பொறப்புலேயே வர்றது. சின்னது அப்பா வாகு. இவ உங்க வாகு. அவ மேல தப்பில்ல."

உருளைக்காரியின் முகம் சுருங்கியது. "அப்ப என் மேல தப்பா?"

"யார் மேலயும் தப்பில்லன்னு சொல்றேன்."

"என் வாகுன்னா என் தப்புதான?" என்று சொல்லிவிட்டு விரிப்பை உருளைக்குள் விட்டாள்.

அவளுடைய வாகைப் பற்றி அவளே ஒரு நாள் மடிப்பு மேசையில் சொல்லியிருக்கிறாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கல்யாணமான புதிதில் நாத்தனார் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். "எங்க அண்ணன் ஒண்ணுதான கட்டினான், ரெண்டா வந்திருக்கே" என்பாளாம். இவள் எல்லோர் முன்னாலும் அரை வயிறு சாப்பிடுவாள். பிறகு மடித்த விரிப்புகளுக்கு நடுவில் ரொட்டித் துண்டை ஒளித்து வைத்து, ஆள் இல்லாதபோது நின்றபடியே தின்பாள். "திருடித் தின்ன உடம்பும்மா இது" என்று சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டாள். நர்ஸம்மா சொன்னதை அவளால் ஏற்க முடியவில்லை. திருடித் தின்றுதான் பெருத்தோம் என்று அவள் நம்பியிருந்தாள். அப்படியென்றால் மகளும் அப்படித்தான் பெருத்திருக்க வேண்டும்.

பதிமூன்றாவது வாரம் ஒரு கிலோ இறங்கி எழுபத்தைந்துக்கு வந்தது. மூன்று வாரம் இருந்தது, மூன்று கிலோ இருந்தது. பெரியவள் பலகையை விட்டு இறங்கும்போது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வந்துடும்மா" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு லாரியில் புதுத் தள்ளுவண்டிகள் வந்தன. பழையது இரும்பு, சக்கரம் கிறீச்சிடும், மழைக்குத் துருப்பிடித்துத் துணியில் கறை வைக்கும். புதியது நீல நிறப் பிளாஸ்டிக். ஆள் குறைவாக இருந்ததால் பாய்லர்க்காரர்தான் பன்னிரண்டையும் இறக்கினார். "காத்து மாதிரி இருக்கு, ஒரு கையில தூக்கிடலாம்" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். புது வண்டி ஒன்பது கிலோ. அன்று சாயங்காலமே எடைக்காரர் எந்திரத்தில் பதினாலை மாற்றி ஒன்பது என்று வைத்தார். துணிக் கணக்குக்கு அது தேவை. சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தி அதில் ஏறி நிற்பாள் என்பது அவர் நினைவில் இல்லை. வண்டி லேசாகிவிட்டது என்று சந்தோஷப்பட்ட நாங்கள் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை பெரியவள் ஏறினாள். பெட்டியில் அறுபத்தைந்து என்று வந்தது. உருளைக்காரி விரல் விட்டாள். மறுபடி விட்டாள்.

"எறங்கி ஏறு."

இறங்கி ஏறினாள். அதே அறுபத்தைந்து.

"எழுபத்தொம்பது" என்றாள் உருளைக்காரி. சத்தம் போடவில்லை. "வீட்டுக்கு வா."

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பேசியதை நாங்கள் வேண்டாம் என்றாலும் கேட்டோம்.

"எங்க தின்ன?"

"எங்கயும் தின்னலம்மா. நீ வெச்சதுதான்."

"நான் வெச்சதத் தின்னா ஒரு வாரத்துல நாலு கிலோ ஏறுமாடி? கல்லத் தின்னாக்கூட ஏறாது. எங்க தின்ன சொல்லு. தையல் ரூம்லயா? இவ குடுத்தாளா?"

"அய்யோ, நான் எதுக்கும்மா குடுக்கப்போறேன், எனக்கே பத்தல" என்றது சின்னவளின் குரல்.

"நீ வாய மூடு. ஏங்க, நீங்களாவது கேளுங்களேன்."

"பொம்பளைங்க வெவகாரம். என்ன விடு" என்றார் பாய்லர்க்காரர். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து எங்கள் வாசலில் நின்று மழையைப் பார்த்தார்.

உள்ளே படுக்கையை உதறுகிற சத்தம், பெட்டியைத் திறக்கிற சத்தம். உருளைக்காரி தேடினாள். தலையணை உறைக்குள், மடித்த துணிகளுக்கு நடுவில், ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால். எதை எங்கே ஒளிக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

"என்னவிடக் கெட்டிக்காரிடி நீ. துணுக்குக்கூட விடல."

"அம்மா, சத்தியமா."

"சத்தியம் பண்ணாத. பலகை பொய் சொல்லுமா? நீ பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணு."



அடுத்த வாரம் காலை முட்டை நின்றது. பிடிச் சோறும் நின்றது. உருளைக்காரி உருளையை விட்டு இறங்கி வந்து அழுக்குப் பிரிக்கிற இடத்தில் மகள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கையுறையோடு நின்று வாயைத் திறந்து காட்டினாள். "நாக்கத் தூக்கு" என்றாள் அம்மா. தூக்கினாள். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். நாற்பது கிலோ மூட்டையை அன்று அவள் முதல் தடவையாக இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுத் தூக்கினாள்.

அந்தச் சனிக்கிழமை பெட்டி அறுபத்துநாலு காட்டியது. எழுபத்தெட்டு.

"சொல்லு" என்றாள் உருளைக்காரி வீட்டில். "சொல்லிட்டா விட்டுடறேன். சொல்லாத வரைக்கும் விட மாட்டேன்."

பிறகு பெரியவள் சொன்னாள், "தின்னேன்."

"என்ன தின்ன?"

"ரொட்டி."

"எங்கேருந்து?"

"வார்டுலேருந்து வர்ற துணில சில சமயம் மிச்ச ரொட்டி சுருட்டிக் கெடக்கும்ல. அத."

"நோயாளிங்க கடிச்சு வெச்சதா?"

"ம்."

உருளைக்காரி அடிக்கவில்லை. அவள் அழுகிற சத்தம்தான் கேட்டது. அழுதுகொண்டே, "நான் கூட அந்தளவுக்குப் போனதில்லடி" என்றாள். அவள் குரலில் பாரம் இறங்கியது போல ஏதோ இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. அவள் தேடியது கிடைத்துவிட்டது.

கடைசிச் சனிக்கிழமை பெட்டி அறுபத்திரண்டு காட்டியது. அம்மா எழுபத்தாறு என்றாள். பெரியவளுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. குனிந்து செருப்பைப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் வெறும் பருப்புத் தண்ணீர்.

"திங்கக்கெழம போய்த்தான் பாக்கறேனேம்மா" என்றாள். "அங்க வேற மெஷினு இருக்கும்."

"வேற மெஷினுன்னா நாலு கிலோ கொறச்சுக் காட்டுமா? வராந்தாவுல பேரு படிப்பாங்க. எடையச் சத்தமாச் சொல்லுவாங்க. உன் கூட வேலை செய்யறவன் பாதிப் பேரு அங்கதான் துணி எறக்கிட்டு நிப்பான். எழுபத்தாறுன்னு இங்கயே தெரிஞ்சு போச்சு. அங்க போயி வேற கேக்கணுமா?"

"போனாதான தெரியும்."

"போயி அசிங்கப்பட்டது நான் போதும். நீ பட வேணாம்."

அவள் எங்கே போய் அசிங்கப்பட்டாள் என்று மகள் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பெரியவள் கையுறை மாட்டிக்கொண்டு மூட்டை அவிழ்க்க வந்தாள். வார்டு வண்டி வந்ததும் முதல் மூட்டையை இழுத்துப் போட்டாள். பதினொரு மணிக்கு அளவு பார்க்க ஆரம்பிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பதினொரு மணிக்கு அவள் நிமிரவில்லை.

அதன் பிறகு அவளுக்கு மறுபடி சோறும் முட்டையும் வந்தன. சாவி கழுத்திலிருந்து அலமாரிக்குத் திரும்பியது. யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லை. லாரி என்று கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்கள். கூப்பிட்டிருக்கலாம் என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வேலை விட்டும் மழை விடவில்லை. வாசலில் பத்துப் பேர் ஒதுங்கி நின்றோம். உருளைக்காரி கடைசி விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்குச் சும்மா நிற்க முடியாது. பலகைமேல் ஏறினாள்.

"முப்பத்தஞ்சு!" என்று கத்தினாள். "அம்மா, நாப்பத்தொம்பது! நான் நாப்பத்தொம்பது! பாத்தியா, ஏழு ரொட்டி கடைசில வேலை செஞ்சிடுச்சு. இனி எவளாவது ஈர்க்குச்சின்னு சொல்லட்டும்!"

குடையை உதறிக்கொண்டு எடைக்காரர் வந்தார். "நீயா நாப்பத்தொம்பது? எத்தன கூட்டின?"

"பதினாலு."

"பதினாலு பழைய இரும்பு வண்டிக்கும்மா. புது வண்டி வந்தன்னிக்கே மாத்திட்டேன். ஒம்பது கூட்டு."

"ஒம்பதா? அப்ப நாப்பத்திநாலுதானா? சே, போங்கண்ணே." அவள் காலை உதைத்துக்கொண்டு இறங்கினாள். சிரிப்பு எழுந்தது.

உருளைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. விரிப்பின் இரண்டு முனையும் அவள் கையில் இருந்தன.

"புது வண்டி என்னிக்கு வந்துச்சு தம்பி?"

"அது ஆச்சே அக்கா, ஒண்ணரை மாசம். ஒரு வியாழக்கெழம. அண்ணன்தான எறக்கினாரு."

பாய்லர்க்காரர் தூணோரம் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "ஆமா, நான்தான் எறக்கினேன்" என்றார். எதற்குக் கேட்கிறார்கள் என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை.

உருளைக்காரி விரல்களைப் பார்த்தாள். "அறுபத்திரண்டும் ஒம்பதும்" என்றாள். கூட்ட வரவில்லை. மறுபடி, "அறுபத்திரண்டும் ஒம்பதும்" என்றாள்.

"எழுபத்தொண்ணு" என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எடைக்காரர் குடையை மடக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. "யாராவது என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மெதுவாகச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

பெரியவள் உள்ளேயிருந்து கை கழுவிவிட்டு வந்தாள். என்ன என்று கேட்டாள். தங்கைதான் சொன்னாள், அழுதுகொண்டு, வண்டி, ஒன்பது, எழுபத்தொன்று என்று முன்னும் பின்னுமாக. பெரியவள் கேட்டு முடித்தாள். "ஓ" என்றாள். துண்டால் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

திங்கட்கிழமை உருளைக்காரி அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனாள். தெரியாத இடத்தில் பேசப் பயந்து, துணைக்கு என்னையும் வரச் சொன்னாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் காகிதத்தைப் புரட்டினார்.

"பேரு இருக்கும்மா. நேர்ல வரலன்னு போட்டிருக்கு."

"தப்பு எங்களுது இல்ல சார். மெஷினு."

"எங்க மெஷினா?"

"இல்ல சார், எங்க மெஷினு. சலவைக்கூடத்துல. வண்டிய மாத்திட்டாங்க, நாங்க பழைய வண்டிய நெனச்சுக் கூட்டிட்டோம். அவ எழுபத்தொண்ணுதான் சார் இருந்தா."

எழுத்தர் அவளைப் பார்த்தார். கேலியாகப் பார்க்கவில்லை, புரியாமல் பார்த்தார். "வந்திருந்தா இங்கயே எடுத்திருப்போமேம்மா. எழுபத்தஞ்சு, எழுபத்தாறு இருந்த ரெண்டு பேரக்கூட, தூக்குறதுல நல்ல மார்க்குன்னு ஒரு மாசம் டைம் குடுத்தாங்க. உங்க பொண்ணு தூக்குறதுல முதல் மார்க். ஏன் வரல?"

உருளைக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. "அடுத்து எப்ப சார் எடுப்பாங்க?" என்று நான்தான் கேட்டேன். மூன்று வருடம் ஆகும் என்றார். திரும்பி வரும் வழியில் உருளைக்காரி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "முதல் மார்க்காம்" என்றாள்.

அன்று அவள் சீக்கிரமே அடுப்பு மூட்டினாள். சோறு, பருப்பு, வெண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை. மணம் சுவரைத் தாண்டி வந்தது. பாத்திரம் ஒன்று கேட்டிருந்தாள், அதைக் கொடுக்க நான் போனபோது நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உருளைக்காரி என்னையும் உட்காரச் சொன்னாள். பாய்லர்க்காரர் தன் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி தின்னேன்னு சொன்ன?" என்றாள் உருளைக்காரி. "திங்காம ஏன் சொன்ன?"

"சொன்னா விட்டுடறேன்னு சொன்ன."

"அதுக்காக? நோயாளி கடிச்ச ரொட்டியன்னு ஏன்டி அப்படி ஒரு பொய்?"

"வீட்டு ரொட்டின்னா நீ எண்ணிப் பாப்ப. அதான்." பெரியவள் கோபமாகப் பேசவில்லை, விசாரித்தால் பதில் சொல்வதைப் போலப் பேசினாள். "அப்புறம் எனக்கே அது பொய்யான்னு தெரியலம்மா. தூக்கத்துல எந்திரிச்சுத் தின்னிருப்பேனோன்னு தோணிச்சு. பலகை பொய் சொல்லாதுல்ல. அப்ப நான்தான பொய் சொல்லியிருக்கணும். துணி பிரிக்கறப்ப என் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன், எப்ப வாய்க்குப் போகுதுன்னு."

சின்னவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் சாப்பிடுவதை நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உருளைக்காரி மகளின் தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். "எல்லாம் போகட்டும். நீ சாப்பிடு. எவ்வளவு வைக்கட்டும்?"

"நீ வைக்கறத வை."

"அப்படி இல்லடி. உனக்கு எவ்வளவு வேணும்? எவ்வளவு பசிக்குது?"

பெரியவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "முன்னெல்லாம் தெரியும். இப்ப தெரிய மாட்டேங்குது. நீயே அளந்து வை."

உருளைக்காரி ஒரு கரண்டி வைத்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி வைத்தாள், பார்த்தாள். மூன்றாவது வைத்தாள். சோறு தட்டின் விளிம்புக்கு வந்தது.

"போதும்னா போதும்னு சொல்லுடி."

பெரியவள் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது நிற்கும் என்று.